இரண்டு வாசல் உள்ள ஸ்டேஷன்

பெர்லினின் வடக்கே பாங்கோ என்ற பகுதியில் குடியிருக்கிறேன். வேலை நடு நகரத்தில். வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் ஆறு நிமிட நடையில் வொலங்க்ஷ்ட்ராசே ஸ்டேஷன் வந்துவிடும். அங்கே மின்சார ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராசேயில் இறங்கிவிடலாம். பல வருடமாக இதுதான் என் காலை.

ஸ்டேஷன் என்று சொன்னால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மண் கரை, அதன்மேல் தண்டவாளம், நடுவில் ஒரே ஒரு பிளாட்பாரம். ஒரு பக்கம் நகரத்துக்குப் போகிற ரயில், மறு பக்கம் ஊருக்கு வெளியே போகிற ரயில். கரைக்குக் கீழே தெரு போகிறது. பாலத்தடியில் எப்போதும் கொஞ்சம் ஈர வாடை. படி ஏறி இறங்க மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். என் வீடு கிழக்கில் இருப்பதால் நான் கிழக்கு வாசல்காரன்.

குடிவந்த புதிதில், எங்கள் கட்டடத்தின் பின்கட்டில் இருக்கும் ஒரு வயதான ஜெர்மன் அம்மா என்னிடம் கேட்டார்: “ஸ்டேஷனுக்கு எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள்?” இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் இருக்கிற வாசல் வழியாக என்றேன். “நல்லது,” என்றார். “நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படித்தான் போனேன். அப்புறம் 28 வருடம் போக முடியவில்லை.”

அன்றைக்குத் தொடங்கிய ஆர்வம் இது. நானாக நூலகத்தில் தேடிப் படித்ததும், அந்த அம்மாவிடம் கேட்டதும், போன வசந்தத்தில் ஓர் ஈழத் தமிழ் அண்ணனிடம் கேட்டதும் சேர்ந்து இந்தப் பதிவு. அவர் கதை கடைசியில் வரும்.

முதலில் ரயில் பாதை. பெர்லினிலிருந்து வடக்கே பால்டிக் கடலோர நகரமான ஷ்ட்ரால்சுண்டுக்குப் போவதற்காகப் போட்டது. வடக்கு ரயில் பாதை என்றே பெயர், ஜெர்மனில் நோர்ட்பான். 1877-ல் இதில் ரயில் ஓடத் தொடங்கியது, எங்கள் ஸ்டேஷனும் அந்த வருடத்தது. அப்போது இங்கே நகரம் என்று ஒன்றும் இல்லை. பாங்கோ ஒரு கிராமம். பான்கே என்ற சின்ன ஆறு ஓடுகிற, பெர்லின்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருகிற இடம்.

ஸ்டேஷனுக்கு முதலில் வைத்த பெயர் ப்ரின்ட்சன் அலே. மேற்குப் பக்கத்துத் தெருவின் பெயர் அது. பிறகு ‘பாங்கோ, நோர்ட்பான்’ என்று மாற்றினார்கள். பாங்கோவில் வேறொரு ரயில் பாதையில் இன்னொரு ஸ்டேஷன் இருப்பதால், இது எந்தப் பாங்கோ என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1937-ல் வந்த பெயர்தான் இப்போதைய வொலங்க்ஷ்ட்ராசே. வொலங்க் என்பது பாங்கோவில் பெரிய நிலபுலன் வைத்திருந்த குடும்பத்தின் பெயர். ஷ்ட்ராசே என்றால் தெரு. வொலங்க் தெரு, அவ்வளவுதான். பெயரைப் பாருங்கள்: முதலில் மேற்குத் தெருவின் பெயர், அப்புறம் கிழக்கு ஊரின் பெயர், கடைசியில் இரண்டையும் இணைக்கிற தெருவின் பெயர். இதை நான் கவனித்த நாளிலிருந்து பெயர்ப்பலகையைச் சும்மா கடந்து போக முடிவதில்லை.

இந்த ஊரைப் புறநகராக்கியது ரயில் கட்டணம். 1891-ல் பெர்லினைச் சுற்றியுள்ள ஊர்களுக்கென்று மலிவான தனிக் கட்டணம் கொண்டு வந்தார்கள். ஊருக்கு வெளியே வீடு, நகரத்துக்குள் வேலை என்கிற வாழ்க்கை சாதாரண ஜனங்களுக்கும் கட்டுப்படியானது அதற்குப் பிறகுதான். ஆலைத் தொழிலாளியும் குமாஸ்தாவும் தினமும் ரயிலேறத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியதும், தெருவை ரயில் மறிக்காமல் இருக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டவாளத்தைக் கரையின்மேல் உயர்த்தினார்கள். இப்போது நான் படி ஏறுகிற கட்டடம் அந்தக் காலத்தது.

மின்சாரம் வந்தது 1925-ல். பெர்லினில் புறநகர் ரயில் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியது அதற்கு முந்தைய வருடம், பெர்னாவ் பாதையில். ஒரானியன்பூர்க் போகிற எங்கள் பாதை அடுத்ததாக மாறியது. இங்கே தலைக்கு மேலே மின்கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டு ஓடும், அதில் 750 வோல்ட் மின்சாரம். ரயிலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை அந்தத் தண்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே போகும். கம்பி இல்லாததால் பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் முழுசாகத் தெரியும். 1930-ல் இந்த வலைப்பின்னல் முழுவதற்கும் எஸ்-பான் என்று பெயர் வைத்து, பச்சை வட்டத்தில் வெள்ளை ‘எஸ்’ எழுத்தை அடையாளமாக்கினார்கள். அந்த அடையாளம் இன்றும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் சுரங்கம். அதுவரை வடக்கிலிருந்து வருகிற ரயில் நகரத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும். 1936 ஜூலையில், ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், நடு நகரத்துக்குக் கீழே தோண்டிய வடக்கு தெற்குச் சுரங்கத்தின் முதல் பகுதியைத் திறந்தார்கள். 1939-ல் அது முழுதாக முடிந்தது. வொலங்க்ஷ்ட்ராசேயில் ஏறினால் இறங்காமல் தென் பெர்லினுக்கே போய்விடலாம் என்றானது. இந்தச் சுரங்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து பெர்லினை நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொண்டபோது புதிதாகக் கோடு போடவில்லை. ஏற்கெனவே இருந்த மாவட்ட எல்லைகளை எடுத்துக்கொண்டார்கள். பாங்கோ மாவட்டம் சோவியத் பங்கு. ரயில் கரைக்கு மேற்கே இருந்த வெடிங் மாவட்டம் பிரெஞ்சுப் பங்கு. குப்பை அள்ளுவது யார், பள்ளிக்கூடம் நடத்துவது யார் என்பதற்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் இழுத்த கோடு அது. அந்தக் கோடு ரயில் கரையின் மேற்கு விளிம்பில் போனது. கரையும் தண்டவாளமும் ஸ்டேஷனும் பாங்கோவில், அதாவது சோவியத் பகுதியில். ஸ்டேஷனின் மேற்கு வாசற்படியிலிருந்து காலை எடுத்து நடைபாதையில் வைத்தால் பிரெஞ்சுப் பகுதி.

சோவியத் பகுதி கிழக்கு பெர்லின் என்றும் மற்ற மூன்று பகுதிகளும் மேற்கு பெர்லின் என்றும் ஆயின. 1961 வரை இதனால் பெரிய தொந்தரவு இல்லை. கிழக்கிலே குடியிருந்துகொண்டு மேற்கிலே வேலைக்குப் போனவர்கள் பெர்லினில் பல்லாயிரம் பேர். பின்கட்டு அம்மாவின் பாட்டி வெடிங்கில் இருந்தாராம். பாலத்தடியில் நடந்து போனால் பத்து நிமிடம். “ஞாயிற்றுக்கிழமை கேக் சாப்பிடப் போவோம். திரும்பி வரும்போது அம்மா என் வாயைத் துடைத்துவிடுவார்,” என்றார்.

1961 ஆகஸ்ட் 13-உம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று விடிவதற்குள் கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்துவிட்டது.

இங்கேதான் வொலங்க்ஷ்ட்ராசே பெர்லினின் மற்ற எந்த ஸ்டேஷனுக்கும் இல்லாத ஒரு நிலைமைக்குப் போனது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கே இது புரிய நாளாயிற்று. எல்லைக்கோடு கரையின் மேற்கு விளிம்பில். ஆனால் இந்தப் பாதையில் ஓடுகிற ரயில் மேற்கு பெர்லினின் வடக்குப் பகுதிக்குப் போக வேண்டியது. அதை நிறுத்தவில்லை. கிழக்கு மக்கள் அதில் ஏறிவிடக்கூடாது, அவ்வளவுதான் கிழக்கு ஜெர்மனி அரசுக்கு வேண்டும். அதனால் சுவரைக் கோட்டின்மேல் கட்டாமல் கரைக்குக் கிழக்கே கட்டினார்கள். கிழக்கு வாசலை அடைத்தார்கள். மேற்கு வாசல் திறந்தே இருந்தது. மண் கிழக்கு ஜெர்மனியுடையது, ரயிலை ஓட்டுவது கிழக்கு ஜெர்மனி, பயணச்சீட்டுக் காசு போவது கிழக்கு ஜெர்மனிக்கு. ஆனால் உள்ளே போகக்கூடியவர்கள் மேற்கு பெர்லின்காரர்கள் மட்டும். ஸ்டேஷன் யாருடைய மண்ணில் இருந்ததோ அந்த மண்ணின் மக்கள் அதில் கால் வைக்க முடியாது. மேற்கு பெர்லின் போலீஸ் வாசலோடு நிற்க வேண்டும், உள்ளே அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

மேற்கு பெர்லினில் எஸ்-பானைக் கிழக்கு ஜெர்மனி ஓட்டியது ஏன் என்று கேட்கலாம். போருக்குப் பின் நேச நாடுகள் செய்த ஏற்பாடு அது. நகரம் முழுவதும் ரயிலை நடத்தும் உரிமை பழைய ஜெர்மன் ரயில்வேயான ரைஷ்ஸ்பானிடம் விடப்பட்டது, அதன் தலைமை இருந்ததோ சோவியத் பகுதியில். சோஷலிச நாடான கிழக்கு ஜெர்மனி தன் ரயில்வேக்குக் கடைசி வரை ‘ஜெர்மன் பேரரசு ரயில்வே’ என்ற பழைய பெயரையே வைத்திருந்ததற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். பெயரை மாற்றினால் மேற்கு பெர்லினில் அந்த உரிமை கேள்விக்குள்ளாகும்.

சுவர் எழுந்ததும் மேற்கு பெர்லினில் கோபம் முழுவதும் இந்த ரயிலின்மேல் திரும்பியது. எஸ்-பானில் ஏறாதீர்கள் என்று தொழிற்சங்கங்கள் அழைப்பு விடுத்தன, மேயர் வில்லி பிராண்டும் அதை ஆதரித்தார். ‘நீ வாங்கும் டிக்கெட் காசில்தான் முள்கம்பி வாங்குகிறார்கள்’ என்பது அப்போதைய முழக்கம். ஸ்டேஷன் வாசல்களில் தட்டி பிடித்துக்கொண்டு நின்றார்கள். சில நாட்களிலேயே ரயில்கள் காலியாகின. பக்கத்திலேயே புதிய பேருந்துத் தடங்கள் வந்தன. எஸ்-பானில் ஏறுவது மானக்கேடு என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கு நீடித்தது. ஆள் இல்லாவிட்டாலும் ரயிலை ஓட்டுவதை ரைஷ்ஸ்பான் நிறுத்தவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் அதெல்லாம் எப்படி இருந்தது என்று பின்கட்டு அம்மாவிடம் கேட்டேன். பார்க்க ஒன்றும் இல்லை, கேட்கத்தான் முடிந்தது என்றார். பின்கட்டு வீடு என்பதால் ஜன்னலில் முற்றத்துச் சுவர் மட்டும் தெரியும். ஆனால் காற்று மேற்கிலிருந்து அடித்தால் எல்லாம் கேட்கும். 1920-களின் கடைசியில் செய்த பழைய வண்டிகள்தான் அப்போதும் ஓடின. கிளம்பும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல், வேகம் கூடக் கூட அது மேலே மேலே ஏறிப் பாட்டு மாதிரி ஆகும். அவர் வாயாலேயே அதைச் செய்து காட்டினார். அதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் நிற்கிற ஊழியர் ஒரே வார்த்தையை உரக்கச் சொல்வார்: “ட்சுரூக்ப்ளைபன்!”

கதவு சாத்தப்போகிறது, விலகி நில்லுங்கள் என்று சொல்வதற்கு பெர்லின் எஸ்-பானில் இன்றைக்கும் இதே வார்த்தைதான், இப்போது ‘தயவுசெய்து’ சேர்த்துச் சொல்கிறார்கள். அதற்கு நேர்ப் பொருள் ‘பின்தங்கி இரு’, ‘போகாமல் இங்கேயே நில்’. நான் அதைத் தினமும் கேட்டும் காதில் வாங்கிக்கொண்டதில்லை. “எங்களுக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்,” என்றார் அந்த அம்மா. “ரயில் வந்து நிற்பது கேட்கும். கதவு அடைப்பது கேட்கும். யாராவது இறங்கினார்களா என்பது மட்டும் கேட்காது.”

1962 ஜனவரியில் நடந்த ஒன்றை அவர் சொல்லி, பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். ரயில் கரையின் மேற்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி, செங்கல் வளைவு அறைகள் உண்டு. தெரு மேற்கு பெர்லினுடையது, அறை இருப்பது கிழக்கு மண்ணில். அங்கிருந்து மேற்கு பெர்லின் மாணவர்கள் கிழக்கு நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள். கரையைக் குறுக்கே கடந்து, சுவருக்கும் அடியில் போய், பாங்கோவில் எழும்பி ஆட்களை அழைத்து வர வேண்டும். தலைக்கு மேலே ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெர்லின் மண் மணல்தான், எங்கே தோண்டினாலும் சரியும். அந்த மாதக் கடைசியில் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி உள்வாங்கியது. அவ்வளவுதான், காரியம் வெளியே தெரிந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வந்து, மேற்கின் சதி என்று குழியைக் காட்டியது. தோண்டியவர்கள் அகப்படவில்லை. காத்திருந்தவர்கள் யாரும் அந்த வழியாகப் போகவும் இல்லை.

அந்தக் குழியின் படம் இருக்கிறது. ஒரு ஆள் குனிந்து புகக்கூடிய அளவுதான். அதைப் பார்த்த பிறகு பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது காலடியில் அந்த இடம் எங்கே இருக்கும் என்று தேடுவேன். எந்தக் கல்லும் எதையும் காட்டுவதில்லை. என் காலுக்குக் கீழே ஏதோ இருபது வயதுப் பையன்கள், முன்பின் தெரியாதவர்களுக்காகவும் கூட, ஜனவரிக் குளிரில் மணலை வாளி வாளியாக அள்ளியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

அடுத்த இருபது வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். பயணிகள் குறைந்தார்கள், பராமரிப்பு குறைந்தது, பிளாட்பாரங்களில் செடி முளைத்தது. 1980 செப்டம்பரில் மேற்கு பெர்லினில் இருந்த ரைஷ்ஸ்பான் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு மேற்குப் பகுதியின் பாதைகளில் ஏறக்குறையப் பாதியை மூடிவிட்டார்கள். எங்கள் பாதை தப்பியது. 1984 ஜனவரி 9-ஆம் தேதி மேற்கு பெர்லினின் எஸ்-பான், நகரப் போக்குவரத்து நிறுவனமான பி.வி.ஜி. கைக்கு மாறியது. முதலில் சில துண்டுகள் மட்டும் ஓடின. வொலங்க்ஷ்ட்ராசே வழியாக மறுபடி ரயில் வந்தது அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி.

1989 நவம்பர் 9-ஆம் தேதி இரவு முதலில் திறந்த எல்லை வாயில் போர்ன்ஹோல்மர் ஷ்ட்ராசேயில் இருந்தது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் அது. தண்டவாளத்துக்கு மேலே ஒரு பெரிய இரும்புப் பாலம், அதில்தான் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அந்த ஸ்டேஷனே 1961-லிருந்து மூடிக்கிடந்தது. ரயில் நிற்காமல் கடந்து போகும், மறுபடி நிற்கத் தொடங்கியது 1990 டிசம்பரில். வொலங்க்ஷ்ட்ராசேயில் அந்த நவம்பரிலேயே, சில நாட்களில், தெருவை அடைத்திருந்த சுவரில் வழி திறந்தார்கள். பின்கட்டு அம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தொடுகிற வயது. பாலத்தடியில் நடந்து பாட்டி வீட்டுத் தெருவுக்குப் போனார். பாட்டி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கட்டடம் இருந்ததாம், கீழே கேக் கடை இல்லையாம்.

மேற்கு பெர்லினின் வட ஓரத்து ஃப்ரோனாவோடு நின்றுகொண்டிருந்த பாதையை நீட்டி, 1992 மே 31 முதல் பழையபடி ஒரானியன்பூர்க் வரை ரயில் விட்டார்கள். இன்றைக்கு எங்கள் பிளாட்பாரத்தில் முக்கியமாக நிற்பவை இரண்டு தடங்கள். எஸ் 1, ஒரானியன்பூர்க்கிலிருந்து வான்சே ஏரிப் பக்கம் வரை. எஸ் 25, ஹென்னிக்ஸ்டோர்ஃப் முதல் தெல்டோ வரை. தெற்கே இரண்டாவது நிறுத்தம் கெசுந்த்ப்ரூனன், அங்கே இறங்கினால் நகரத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடிக்கலாம். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் உண்டு. சைக்கிளை உள்ளே ஏற்றலாம், அதற்குத் தனிச் சீட்டு.

2023 மே மாதம் நாடு முழுவதற்குமான மாதச் சீட்டை 49 யூரோவுக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு விலை ஏறியது, ஆனாலும் என் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. தாள் சீட்டு வாங்குகிறவர்கள் பிளாட்பாரத்தில் இருக்கிற சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். குத்தாமல் ஏறினால் 60 யூரோ அபராதம். மற்றபடி வாசலில் தடுப்புக் கம்பி, சுழல் கதவு, காவலாள் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வந்து மறு பக்கம் போய்விடலாம். பெர்லினில் எல்லா ஸ்டேஷனும் இப்படித்தான். ஆனாலும் இந்த ஸ்டேஷனில் அது எனக்கு வேறு மாதிரி படுகிறது.

இனி அண்ணன் கதை.

மேற்கு வாசலுக்கு அப்பால் வெடிங் பக்கத்தில் நாற்பது வருடமாக இருப்பவர். ஒரு நண்பர் வீட்டு விசேஷத்தில் பழக்கம். நான் இந்த ஸ்டேஷனைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பதைச் சொன்னதும், “எட, நான் இந்த ஊரில முதல் முதல் இறங்கின ஸ்டேசன் அதுதான் தம்பி,” என்றார்.

1985 பிப்ரவரி. அவருக்கு வயது 21. அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழர்கள் பலர் ஜெர்மனிக்கு வந்த வழி இது: விமானத்தில் கிழக்கு பெர்லினின் விமான நிலையமான ஷோனஃபெல்டுக்கு வருவார்கள். அங்கே கிழக்கு ஜெர்மனி கடந்துபோவதற்கான விசா கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராசே ஸ்டேஷனுக்கு வந்தால், கிழக்குக் காவலர்கள் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். மேற்கில் தடுக்க ஆளில்லை. பெர்லினைப் பிரிக்கிற கோட்டை நாட்டு எல்லையாக ஒப்புக்கொள்வதில்லை என்பது மேற்கின் கொள்கை, அதனால் அங்கே பாஸ்போர்ட் சோதனை வைக்கவில்லை. ரயிலில் ஏறி இறங்கி, மேற்கு பெர்லினில் அடைக்கலம் கேட்பார்கள். 1985 ஜூலையில் இந்த வழி அடைபட்டது. மேற்கு ஜெர்மனி தரும் வட்டியில்லாக் கடனின் உச்சவரம்பை உயர்த்திய பேச்சுவார்த்தையை ஒட்டி, மேற்கு ஜெர்மனி விசா இல்லாத தமிழர்களுக்குக் கடந்துபோகும் விசா கொடுப்பதைக் கிழக்கு நிறுத்திக்கொண்டது. அண்ணன் ஐந்து மாத வித்தியாசத்தில் வந்தவர்.

“கீழ, சுரங்கத்துக்க ஒரு பிளாட்பாரம். அங்க நிண்ட ரயில்ல ஏறச் சொன்னவை. எந்தப் பக்கம் போற ரயில் எண்டு தெரியேல்ல. ஏறிட்டன். வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில ஒரு ஸ்டேசன், லைட் மங்கல், சனம் ஒருத்தரும் இல்லை, துவக்கோட ஒருத்தன் நிக்கிறான். ரயில் நிக்காமல் போகுது. பிறகு இன்னொண்டு, அதுவும் அப்பிடி. எனக்குக் கை கால் நடுங்குது. எங்களைப் பிழையான பக்கம் கொண்டு போகினமோ எண்டு.”

நான் முன்னால் சொன்ன அதே சுரங்கம். கிழக்கு பெர்லினுக்கு அடியில் போவதால் அங்கே இருந்த ஸ்டேஷன்களை மூடிவிட்டுக் காவல் போட்டிருந்தார்கள். பிறகு ரயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்து, மேற்கில் இரண்டு ஸ்டேஷன்களில் நின்றிருக்கும். அண்ணன் அங்கே இறங்கியிருக்கலாம். பயத்தில் எழுந்திருக்கவில்லை. அடுத்து மறுபடி ஒரு ஆளில்லாத ஸ்டேஷனை ரயில் கடந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவர், விளக்குக் கம்பங்கள், பனி. “இனி எங்க எண்டாலும் இறங்குவம் எண்டு அடுத்ததில இறங்கிட்டன். படியால கீழ வந்து ஒரு கதவு. வெளியில வந்தா தெரு, கடை, சனம். ஒரு துருக்கிக்காரர் தேத்தண்ணி தந்தார்.”

ஒரு சனிக்கிழமை இருவரும் அந்த ஸ்டேஷனுக்குப் போனோம். மேற்கு வாசல் வழியாக உள்ளே போய், படியேறி, பிளாட்பாரத்தில் நின்றோம். கோட்டையும் சுவரையும் அவருக்குக் கையால் காட்டினேன். இந்தப் பிளாட்பாரம் அப்போது கிழக்கு மண் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“அப்ப நான் ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராசேயில முத்திரை குத்திக்கொண்டு வெளிக்கிட்டுத் திரும்பவும் அவங்கட இடத்திலயே வந்து இறங்கியிருக்கிறன்.”

“ஆமாம் அண்ணா. அந்தக் கடைசிப் படியைத் தாண்டின பிறகுதான் நீங்கள் மேற்கே வந்தீர்கள்.”

படியைக் குனிந்து பார்த்தார். பிறகு கிழக்குப் பக்கம் திரும்பி, “இதால நான் ஒருநாளும் போனதில்லை. அந்தப் பக்கம் எனக்கு என்ன அலுவல்?” என்றார். “எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கலாம், வாருங்கள்,” என்றேன். கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தோம்.

முற்றத்தில் பின்கட்டு அம்மா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணனை அறிமுகம் செய்து, 1985-ல் இவர் வொலங்க்ஷ்ட்ராசேயில் ரயிலிலிருந்து இறங்கியவர் என்று சொன்னேன். அந்த அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அண்ணனின் கையைப் பிடித்தார்.

“பிப்ரவரியிலா? சாயங்காலமா?”

சாயங்காலம்தான், விளக்குப் போட்டிருந்தார்கள் என்றார் அண்ணன்.

“அந்த ரயிலிலிருந்து இறங்கினவர்கள் எத்தனை பேர்?”

அண்ணன் யோசித்தார். “நான் ஒருவன்தான்,” என்றார்.